அடுத்த சைஸ்

ஜூன் 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். குழாயில் தண்ணீர் வராத நாள். நேற்றே பிடித்து வைத்திருந்ததால் தப்பித்தோம். ஜோவின் டிபன் பாக்ஸ் மூடி காணவில்லை. ஸ்கூல் திறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள். எனக்கு இடது கடைவாய்ப் பல் மறுபடியும். கிராம்பை அடக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

குழந்தைகள் ஹோம் வாசலில், வாட்ச்மேன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செல்வி. சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மார்ச்சில் பெற்ற பெண் குழந்தையை எங்களிடம் தத்துக்கு ஒப்படைத்துவிட்டுப் போனவள். அன்று முகமெல்லாம் வீங்கியிருந்தது. இப்போது கன்னம் ஒட்டிப்போய் வேறு ஆள்.

"அக்கா, பாப்பா இருக்குதா? குடுத்துட்டீங்களா?"

இருக்கிறது என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"எடுத்துக்கினு போலாம்னு வந்தேன்."

ஒப்படைக்கிற எல்லாத் தாய்மாருக்கும் ஒன்று சொல்வோம். மனசு மாறினால் மூன்று மாதத்துக்குள் வரலாம், குழந்தையைத் திருப்பிக் கேட்கலாம், சட்டத்தில் இடம் உண்டு. இவளிடம் சொன்னதும் நான்தான். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்து கேட்டது இவள் ஒருத்தி. அவகாசம் இன்னும் முடியவில்லை, ஆனால் முடியப்போகிறது.

மாலதி மேடத்திடம் சொன்னேன். சூப்பரின்டெண்ட் அல்லவா, சொல்லித்தான் ஆகவேண்டும். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கன்னடத்தில் பேசினார்: "வேறு யாரிடமும் சொல்லாதே. நாளைக்கு அவளை உட்கார வைத்துப் பேசு. புரியும்படி பேசு."

'புரியும்படி' என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது.

தத்துக்கு மனு போட்டிருக்கும் அல்சூர் தம்பதிக்கு மே மாதமே இந்தக் குழந்தையைக் காட்டியாகிவிட்டது. அவகாசம் முடியாமல் காட்டக் கூடாது. எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு தொட்டிலில் இரண்டிரண்டு பேர் கிடக்கிறார்கள், ஒன்றாவது சீக்கிரம் ஒரு வீட்டுக்குப் போகட்டும் என்பது மா.மே.யின் கணக்கு. அதுவும் தப்பான ஆசை இல்லை. அந்த அம்மா, வசந்தா, சனிக்கிழமை தவறாமல் வந்து மடியில் வைத்துக்கொள்கிறார். ஸ்நேகா என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. எங்கள் ஆயா ஜைத்தூன் பீ கூப்பிடுவது ராணி.

செல்வி பெயர் எதுவும் வைத்ததில்லை.

ஜூன் 8, செவ்வாய்

மேகமூட்டம், மழை இல்லை. செல்வி அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். பேசுவதற்கென்று எங்களுக்கு இருக்கும் அறையில் பாதி பால் பவுடர் டின், மீதியில் இரண்டு நாற்காலி.

பீன்யாவில் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல். சொந்த ஊர் தருமபுரிப் பக்கம். வீட்டில் குழந்தை விஷயம் யாருக்கும் தெரியாது. அந்த ஆள் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன். இப்போது எங்கே என்று இவளுக்குத் தெரியவும் வேண்டாம்.

நான் பேசியவை: வேலைக்குப் போனால் யார் பார்ப்பார்கள். ஜுரம் வந்தால். வீட்டுக்காரர் கேட்டால். ஊருக்குத் தெரிந்தால். நாளைக்கு உனக்கு ஒரு கல்யாணம் என்று வந்தால். ஸ்கூலில் அப்பா பெயர். இதை ஆசையாகக் கேட்டுக் காத்திருக்கிறவர்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறது என்பது.

ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க்கா" என்றாள். எதிர்த்து ஒரு வார்த்தை இல்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குச் சுலபம்.

கடைசியில்: "நீங்க சொல்றது அத்தனையும் நெசந்தாங்க்கா. நானே எனக்குச் சொல்லிக்கினதுதான். அதான் அன்னைக்கு வுட்டுட்டுப் போனேன்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"எங்க லைன்ல கைக்கொழந்தைங்க ஃபிராக்குதான் ஓடுது. வெளிநாட்டுக்குப் போறது. லேபிள் வச்சுத் தைக்கிறது என் மெஷினு. பொறந்ததுலேர்ந்து மூணு மாசம் வரைக்கும் ஒரு சைஸு. நான் திரும்ப வேலைக்குப் போனப்ப அதான் ஓடிக்கினு இருந்துச்சு. கையில எடுக்கறப்பல்லாம், இப்ப இவ்ளோதான் இருக்கும்னு நெனச்சுக்குவேன். போன வாரம் அந்த ஆர்டர் முடிஞ்சுபோச்சு. அடுத்த சைஸு வந்துடுச்சு."

இரண்டு கையையும் விரித்து ஓர் அளவு காட்டினாள்.

"அதுவும் அந்த சைஸு ஆயிருக்கும்லக்கா?"

ஆகியிருக்கும் என்றேன். அவளைப் பேசித் திருப்பி அனுப்ப வேண்டியவள் நான். ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மா.மே.: "கேட்டாளா?" இல்லை என்றேன். "வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வா. எங்கே தூங்க வைப்பாள், யார் பார்த்துக்கொள்வார்கள், எல்லாம் பார்."

பல் டாக்டரிடம் போகவில்லை. மாத்திரை.

ஜூன் 10, வியாழன்

வியாழக்கிழமை, சர்ச்சில் நொவேனா ஜெபத்துக்கு வருகிற கூட்டம். எங்கள் விவேக் நகருக்குள் வருகிற பஸ்ஸெல்லாம் பிதுங்குகிறது, வெளியே போகிறது காலி. ஜன்னல் சீட் கிடைத்தது. மெஜஸ்டிக்கில் மாறி பீன்யா.

கம்பெனிகளுக்குப் பின்னால் சந்து. வரிசையாக ஷீட் போட்ட அறைகள், ஐந்தாறு அறைக்கு ஒரு கக்கூஸ். செல்வி தன் கூட வேலை செய்கிற மங்கை என்ற பெண்ணோடு இருக்கிறாள். அறை துப்புரவாக இருந்தது. கொடியில் எல்லாம் மடித்த மடிப்பு. சுவரில் காலண்டர் சாமி, கீழே ஸ்டவ். மங்கை ரொம்பச் சின்னப் பெண், ஆனால் வாய்: "நாங்க ரெண்டு பேர் இருக்கோம் மேடம். ரெண்டு பேர் சம்பளம். புருஷன் இருக்கிற வூட்லயே ஒரு சம்பளந்தான் வருது, அதுலயும் பாதி குடிக்கப் போயிடுது."

பகலில் பார்த்துக்கொள்ளப் போவது பக்கத்து அறை லட்சுமம்மா. ஊதுவத்தி உருட்டுகிற பெண்மணி, கன்னடக்காரர். கையிரண்டும் முழங்கை வரை கறுப்பு. அவருடைய பேரப்பிள்ளை ஒன்று அந்தக் கரித்தூளிலேயே தவழ்ந்துகொண்டிருந்தது. கொழுகொழுவென்று இருந்தது, மூக்கு ஒழுகியது. "இரண்டோடு மூன்றாகப் போகட்டும்" என்றார் அவர். இரண்டாவது எங்கே என்று பார்த்தால் கதவுக்குப் பின்னால் இன்னொன்று தூங்குகிறது.

கம்பெனியில் குழந்தைகளை விட ஒரு அறை இருக்கவேண்டும், சட்டப்படி. கேட்டேன். "இருக்குதுங்க்கா, போர்டும் மாட்டிருக்கு," என்றாள் செல்வி. "உள்ள அட்டப் பொட்டி அடுக்கி வச்சிருக்காங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்தது: இந்த அறையில் நான் ஜோவை வளர்த்திருப்பேனா. மாட்டேன். ஆனால் அந்தச் சந்து முழுக்கக் குழந்தைகள். அவர்களை யாரும் வந்து பார்த்துத் தகுதி சொல்வதில்லை. இவளுக்கு மட்டும் நான் போய்ப் பானையைத் திறந்து பார்த்தேன்.

பானையைத் திறந்து பார்க்கத் தேவையில்லை. பார்த்தேன்.

ஜூன் 11, வெள்ளி

மா.மே.யிடம் நேரில் சொன்னேன். அறை சின்னது, தண்ணீர் கஷ்டம், கரித்தூள், ஆனால் ஆள் இருக்கிறது, மனசு இருக்கிறது.

"மனசு இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?" என்றார். கோபமில்லை, களைப்பு. "போன மழைக்காலத்தில் நான் அனுப்பி வைத்தேனே ஒன்று, அதன் பாட்டி வந்து மனசோடு கேட்டாள் என்று. நிமோனியாவில் போனது. அடக்கத்துக்கு யார் போனார்கள் தெரியுமா? நானும் டிரைவரும்."

எனக்குத் தெரியாது. நான் அப்போது லீவில். யாரும் சொல்லவில்லை.

"சட்டம் அவள் பக்கம். நான் தடுக்கப்போவதில்லை," என்றார். பிறகு: "அல்சூருக்கு யார் போய்ச் சொல்வது?"

அவர் கேட்ட விதத்திலேயே பதில் இருந்தது.

ஜூன் 13, ஞாயிறு

பூசைக்குப் போனோம். பிரசங்கம் காதில் ஏறவில்லை. மதியம் ஜோ குழம்புக் கிண்ணத்தைத் தட்டிவிட்டான். கத்தினேன், தேவைக்கு அதிகமாக. அவன் அழவில்லை, பயந்துபோய்ப் பார்த்தான். சேவி துணி எடுத்துத் துடைத்தார். அப்புறம் மெதுவாக: "பிலோ, ஆபீசை வீட்டுக்குக் கொண்டாராதேன்னு நான் சொல்லல. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கத்து. புள்ளைக்கும் எனக்கும் எதுக்குத் திட்டு வாங்குறோம்னு தெரியட்டும்."

சொன்னேன். கேட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் நீதான் பேசணுமா? வேற ஆளே இல்லியா?" என்றார்.

இல்லை.

ஜூன் 15, செவ்வாய்

அல்சூர். ஏரிக்குப் பக்கத்துத் தெரு, மாடி வீடு. போன் பண்ணிவிட்டுப் போனது தப்பு. நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார்கள். படியேறும்போதே நெய் வாசனை. வசந்தா ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு கேசரி கிளறிக்கொண்டிருந்தார். அவர் கணவர் ராகவன் பேங்கிலிருந்து பர்மிஷன் போட்டுவிட்டு வந்து, நான் உட்காரும் முன்பே ஃபேனைப் போட்டார்.

தட்டு வரும் முன் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன். தாய் வந்துவிட்டாள், குழந்தையைக் கேட்கிறாள், கொடுத்தாக வேண்டும்.

வசந்தா, "இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வரேன்" என்று உள்ளே போனார். வருவதற்குக் கொஞ்ச நேரமாயிற்று. வந்து சோபாவில் ஓரமாக உட்கார்ந்தார், யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி.

ராகவன்தான் பேசினார். "அந்தப் பொண்ணு எங்க தங்கியிருக்கு, பீன்யாலயா? ஏன் கேக்கறேன்னா, நம்ம வீட்ல பின்னாடி ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. வந்து இருந்துக்கட்டும். வீட்டு வேலை பாத்துக்கட்டும், சம்பளம் குடுத்துடலாம். குழந்தையும் கண்ணெதிர்ல இருக்கும். குழந்தை நம்ம குழந்தையா வளரட்டும். அவளுக்கும் நல்லதுதானே?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர்.

வசந்தா சொன்னார்: "அவ பெத்த பிள்ளைக்கு நான் பால் குடுப்பேன். அவ நின்னு என் வீட்டுப் பாத்திரம் தேய்ப்பாளா? என்ன பேசறீங்க நீங்க?"

ராகவன் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

பிறகு வசந்தா என்னிடம்: "காட்டியிருக்கக் கூடாது இல்ல? நாள் முடியறதுக்கு முன்னாடி எங்களுக்குக் காட்டியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

தெரியும் என்றேன். ஆபீஸ், மேடம், இடநெருக்கடி என்று எதுவும் சொல்லவில்லை.

"அவ எப்படி? நல்லா பாத்துப்பாளா?"

"பாத்துப்பான்னு நெனைக்கறேங்க. உறுதியா எனக்குச் சொல்லத் தெரியல."

"சரி. நீங்க போயிட்டு வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு இப்ப என்னால உக்கார முடியல."

கீழே வந்து ஏரியை ஒட்டி நடந்தேன். நல்ல மழை. குடையை அவர்கள் வீட்டிலேயே விட்டுவிட்டேன். திரும்பிப் போய்க் கேட்க முடியவில்லை.

ஜூன் 21, திங்கள்

வெயில். குழந்தையைக் கொடுத்தாயிற்று.

செல்வியும் மங்கையும் வந்தார்கள். செல்வி புதுப் புடவை, துணிப்பையில் ஒரு ஃபிராக். கம்பெனியில் டேமேஜ் ஆனதைக் கேட்டு வாங்கியதாம். காலரில் ஒரு தையல் கோணல், மற்றபடி நன்றாக இருந்தது. அளவு சரியாக இருந்தது. அதைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

குழந்தை அவளிடம் போனதும் வீறிட்டு அழுதது. ஜைத்தூன் பீ பக்கம் கையை நீட்டியது. ஜைத்தூன் பீ திரும்பி நின்று தொட்டில் துணியை மடித்துக்கொண்டிருந்தாள், மடித்ததையே திரும்ப மடித்தாள். "என்னமோ நான் பெத்த மாதிரி என்னப் பாக்குது. அரே, போ ராணி. உங்கம்மா வந்துட்டா. போ."

தடுப்பூசி அட்டையில் பெயர் எழுத வேண்டும். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். செல்வி ஜைத்தூன் பீயைப் பார்த்தாள். "அவங்க கூப்பிடறதே இருக்கட்டும்க்கா. ராணி."

மா.மே. ரூமை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் இரண்டு டின் பால் பவுடர் டிரைவர் கையில் வந்தது, யார் கொடுத்தது என்று சொல்லாமல். அடுத்த மாதம் ஊசிக்கு வரவேண்டும், நானும் வீட்டுக்கு வந்து பார்ப்பேன் என்று செல்வியிடம் சொன்னேன். சரிங்க்கா என்றாள். வாசல் தாண்டும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. வேகமாக நடந்தாள்.

அந்தத் தொட்டிலில் சாயங்காலமே வேறொன்று.

ஜூன் 26, சனி

வசந்தா வரவில்லை. வரமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் பார்த்தேன்.

பல் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருக்கச் சொன்னார் டாக்டர். சுகமாக இருந்தது.

ஜூலை 13, செவ்வாய்

பீன்யா போனேன். அறையில் பூட்டு. வேறு ஆட்களின் துணி கொடியில். லட்சுமம்மா தலை நிமிராமல் உருட்டிக்கொண்டே சொன்னார்: "காலி பண்ணச் சொல்லிட்டாங்க. தாலி இல்லாத பொண்ணு பிள்ளையை வெச்சிருக்கான்னு ஓனர் சம்சாரம் வந்து சத்தம். அன்னைக்கே மூட்டை கட்டிட்டாங்க." எங்கே என்றால் தெரியவில்லை. குழந்தை நன்றாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்துச்சு. ராத்திரியில கொஞ்சம் இருமும்."

இருமும்.

மா.மே.யிடம் போய் நின்றேன். நான் சொன்னேனா இல்லையா என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "இங்கே இருக்கிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போய்த் தேடு," என்றார்.

ஜூலை 15, வியாழன்

கம்பெனி வாசலில் நின்றேன், ஷிப்ட் விடும் நேரம். நூற்றுக்கணக்கில் பெண்கள், எல்லோரும் ஒரே அவசரம். செல்வி வரவில்லை. மங்கை என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்துகொண்டாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். நான் அப்படியெல்லாம் ஓடி எத்தனையோ காலம்.

"புள்ளைய வாங்கிக்கினு போக வந்தீங்களா?" என்றாள்.

"பாக்கத்தான் வந்தேன்மா."

"எல்லாரும் பாக்கத்தான் வராங்க."

கையை விடவில்லை நான். கடைசியில் சொன்னாள். தாசரஹள்ளி, மங்கையின் சித்தி முறை ஒருத்தி வீட்டுக்குப் பின்னால். செல்வி வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். நான் கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் கம்பெனியே மாறியிருக்கிறாள்.

ஜூலை 17, சனி

தாசரஹள்ளி. விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். செல்வி கதவைப் பாதி ஆள் அளவுக்குத்தான் திறந்தாள். உள்ளே இருட்டு, மண்ணெண்ணெய் வாசனை.

"தூங்குதுங்க்கா."

"இருமல்னு சொன்னாங்க. இப்ப எப்படி இருக்கு?"

"சரியாப்போச்சு. ஆஸ்பத்திரி கூட்டிப் போனேன். சிரப் குடுத்தாங்க."

"நான் ஒரு நிமிஷம் பாக்கட்டுமா?"

கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. "வூடு மாறுனது தப்புதாங்க்கா. சொல்லியிருக்கணும். சொன்னா ஒனக்கு வூடே இல்ல, நீ எப்படி வளப்பேன்னு கேப்பீங்கன்னு..."

கேட்டிருப்பேன். கேட்கிற வேலைதானே.

உள்ளே குழந்தை சிணுங்கியது. இருமல் இல்லை, சாதாரணச் சிணுங்கல். காதைக் கொடுத்துக் கேட்டேன். ஊசிக்கு மட்டும் கூட்டி வா, வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாங்கிப் போன பிஸ்கட் பாக்கெட்டைக் கதவுக்கு வெளியிலேயே வைத்தேன். நான் திரும்பும் வரை அவள் அதை எடுக்கவில்லை.

இத்தனை நாள் போலீஸ் வேலை பார்த்தது எனக்கே தெரியாது என்று சேவியிடம் சொன்னேன். "போலீசு பிஸ்கட் வாங்கிட்டுப் போவாதே," என்றார்.

ஜூலை 26, திங்கள்

மழை. ஊசிக்கு வரவேண்டிய நாள் தாண்டிவிட்டது. மா.மே. கேட்டார், இன்னும் வரவில்லை என்றேன். பிறந்து சில நாளே ஆன இரட்டையர் வந்திருக்கிறார்கள். ஒன்று பால் குடிக்கிறது, ஒன்று குடிக்கவில்லை.

வசந்தாவின் போன். என் குடை அங்கே இருப்பதாகச் சொல்லத்தான் கூப்பிட்டாராம். மறுபடி மனு போட வேண்டுமா, பழையதே போதுமா என்று, போனை வைக்கப் போகும்போது கேட்டார். பழையதே போதும் என்றேன்.

ஜூலை 30, வெள்ளி

காலையில் வெளிச்சம், பதினோரு மணிக்கு மேல் மறுபடி தூறல். இரட்டையரில் குடிக்காத குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பினேன்.

செல்வி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், ராணி மடியில். முந்தானையால் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். ஜைத்தூன் பீ எதிரில் தரையில் உட்கார்ந்து முகத்தைக் காட்டிச் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தாள், கொடு என்று கேட்கவில்லை. நர்ஸ் ஊசி போடும்போதும் செல்வி பிடியை விடவில்லை. குழந்தை அழுது ஓய்ந்து அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது. இப்போது அவளிடம்தான் ஓய்கிறது.

எடை கூடியிருக்கிறது. மெதுவாகத்தான். கூடியிருக்கிறது.

ஜைத்தூன் பீ பால் கலக்க எழுந்து போனாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீடு, இருமல், பகலில் யார், எதுவும் கேட்கவில்லை. செல்வி ஊசி போட்ட இடத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு, "அக்கா, செத்த புடிங்க. பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்," என்று ராணியை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

போனவள் வரவில்லை. பாத்ரூம் பின்பக்கம், அதை ஒட்டிப் பின் கேட். குழந்தையை விட்டுவிட்டு அந்தக் கேட் வழியாகப் போனவர்களை எனக்குத் தெரியும். மடியில் குழந்தை என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. கூப்பிடலாமா என்று பார்த்தேன். எழுந்து போய்ப் பார்க்கலாமா. போகவில்லை. மா.மே. ரூம் கதவு திறந்திருந்தது, அவரும் பின்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தாள். தலை முழுக்க ஈரம், முகம் பளிச்சென்று, புடவை முன்பக்கம் நனைந்திருந்தது. முந்தானையால் கூந்தலைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "அங்க தண்ணியே வர்றதில்லக்கா. இங்க கொழாயைத் திருப்புனா கொட்டுது. ஆசையா இருந்துச்சு, தலையும் அலசிட்டேன். நேரமாயிடுச்சா?"

இல்லை என்றேன்.